கத்தியைப் பிடித்த கை: வன்முறை மாங்காவைத் தமிழுக்குக் கொண்டுவருதல்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அழைப்பிதழைப் பார்த்த பெரியவர் ஒருவர், “ஜப்பான்காரன் போட்ட பொம்மைப் புத்தகத்துக்கும் தில்லைக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த மேடையில் இலக்கணமும் திருமுறையும் பேசிப் பழக்கம். நான் பேச வந்திருப்பது மாங்கா. ஊறுகாய் போடுகிற மாங்காய் அல்ல, ஜப்பானியச் சித்திரக்கதை. அதிலும் வெட்டும் தீயும் பிணமும் நிறைந்த வகை. பெரியவருக்கான பதில் இந்த உரையின் மூன்றாம் பகுதியில் வருகிறது.

நான் நிறுவ விரும்புவது ஒன்றே ஒன்றுதான். வன்முறை மிகுந்த ஒரு படைப்பை வேற்றுமொழி வாசகருக்குக் கொண்டுபோகும்போது, இரத்தம் அதிகம் என்று சொல்லித்தான் கத்தரியை எடுக்கிறோம். ஆனால் அந்தக் கத்தரி பெரும்பாலும் இரத்தத்தை விட்டுவிட்டு, கத்தியைப் பிடித்திருந்த கையைத்தான் வெட்டுகிறது. செய்தவன் யார் என்பது மறைந்துபோகிறது. மொழிபெயர்ப்பாளர் விட்டுக்கொடுக்கவே கூடாதது அந்த ஒன்றைத்தான். மற்றவற்றையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

1. ஒரு நூல்

எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொள்வது கெய்ஜி நகஸாவாவின் ‘வெறுங்கால் கென்’. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15க்கு ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது நகஸாவாவுக்கு வயது ஆறு. பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தவரைப் பள்ளிச் சுவர் மறைத்துக் காப்பாற்றியது. அப்பா, அக்கா, தம்பி மூவரும் இடிந்த வீட்டுக்கு அடியில் சிக்கி இறந்துபோனார்கள். அன்றைக்கே அம்மாவுக்குப் பிரசவம் ஆனது. அந்தக் குழந்தையும் சில மாதங்களில் இறந்தது.

தோக்கியோவுக்குப் போய்ச் சித்திரக்கதைக்காரரான பிறகும் குண்டைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. 1966இல் அம்மா இறந்தார். தகனம் முடிந்ததும் எலும்பைப் பொறுக்கி எடுப்பது அங்கே வழக்கம், நம் ஊரில் சஞ்சயனம் செய்வதுபோல. பொறுக்குவதற்கு எலும்பு இல்லை. வெறும் சாம்பல்தான் இருந்தது. கதிர்வீச்சு அம்மாவின் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்ற ஆத்திரத்தில்தான் அவர் குண்டைப் பற்றி வரையத் தொடங்கினார். ‘வெறுங்கால் கென்’ 1973இல் ‘ஷோனென் ஜம்ப்’ என்ற சிறுவர் வார இதழில் தொடராக வரத் தொடங்கியது. பின்பு வேறு இதழ்களுக்கு மாறிப் பத்துத் தொகுதிகளாக முடிந்தது.

முதல் தொகுதியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். உத்திரத்துக்கு அடியில் தம்பி ஷின்ஜி கிடக்கிறான். அண்ணன் கென் உத்திரத்தைத் தூக்கிப் பார்க்கிறான், அசையவில்லை. தீ நெருங்குகிறது. முன்பு தருவதாகச் சொன்ன பொம்மைக் கப்பலைத் தம்பி கையில் கொடுக்கிறான். அம்மா நகர மறுக்கிறாள், நானும் இங்கேயே சாகிறேன் என்கிறாள். அவளை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போகிறவர் பக்கத்துவீட்டுக் கொரியர் பாக்.  இந்தப் பக்கங்களில் வாசகனுக்கு மூச்சு முட்டுவது இரத்தத்தால் அல்ல.

தான் கண்டதை முழுதாக வரையவில்லை, வாசகர் தாங்கமாட்டார் என்று குறைத்துத்தான் வரைந்தேன் என்று நகஸாவா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆக, மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கு வருவதே ஏற்கெனவே தணித்த பிரதி. அதை நாம் இன்னொரு முறை தணிக்க வேண்டுமா?

2. கத்தரி எங்கே விழுந்தது

இந்த நூலை முதலில் வெட்டப் பார்த்தவர்கள் வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் அல்லர். 2012 டிசம்பரில் ஜப்பானின் மட்சுவே நகரக் கல்வி நிர்வாகம், தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி நூலகங்களில் ‘வெறுங்கால் கென்’னைத் திறந்த அலமாரியிலிருந்து எடுத்து உள்ளே வைக்கச் சொன்னது. நகஸாவா இறந்ததும் அதே மாதத்தில்தான். சொன்ன காரணம், வன்முறைக் காட்சிகள் குழந்தைகளுக்கு ஆகாது என்பது. சரி, எந்தக் காட்சிகள்? தோல் உரிந்து கைகளை நீட்டியபடி நடக்கும் மனிதர்களா? கண்ணாடிச் சில்லுகள் குத்திய உடல்களா? அவற்றை யாரும் குறை சொல்லவில்லை. பிரச்சினை எழுந்தது பிற்பகுதித் தொகுதியில், ஜப்பானியப் படைவீரர்கள் ஆசிய நாடுகளில் செய்த கொடுமைகளைக் காட்டும் சில கட்டங்களால். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, 2013 ஆகஸ்டில் அந்தக் கட்டுப்பாடு விலக்கிக்கொள்ளப்பட்டது.

மேலே இருந்து குண்டு விழுந்தால் அது துயரம், அலமாரியில் இருக்கலாம். நம் பையன் வாளெடுத்து வெட்டினால் அது வன்முறை. பூட்டி வைக்க வேண்டும். மட்சுவேயின் கணக்கு இதுதான். இரண்டு பக்கங்களிலும் மை ஒன்றுதான், கறுப்பு மை.

2023இல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து இந்த நூலின் பகுதிகளை எடுத்துவிட்டது. கென் தெருவில் பாட்டுப் பாடிக் காசு சம்பாதிப்பதும், நோயுற்ற அம்மாவுக்காகக் குளத்து மீனைத் திருடுவதும் இன்றைய மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு விளக்கம் இல்லாமல் புரியாதாம். அணுகுண்டு புரியும், மீன் திருட்டுப் புரியாது! பசித்த குழந்தை ஏன் திருடியது என்று கேட்டால், பதில் போரை நடத்தியவர்கள் வாசல்வரை போய்விடும் என்பதுதான் சங்கடம் என்று நான் நினைக்கிறேன்.

3. தில்லையின் சாட்சி

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். சேக்கிழார் பெரிய புராணத்தை அரங்கேற்றிய இடம் இந்த ஊர் ஆயிரங்கால் மண்டபம் என்பது மரபு. அந்த மண்டபத்தில் ஒலித்தவற்றுள் சிறுத்தொண்டர் புராணமும் ஒன்று. அதை இப்போது நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்கறி கேட்டு வந்த அடியவருக்காகப் பிள்ளையைத் தாய் பிடித்துக்கொள்கிறாள். தந்தை அரிகிறார். பெற்றோர் மகிழ்ச்சியாக ஏதோ செய்கிறார்கள் என்று எண்ணிப் பிள்ளை சிரிக்கிறான். தலைக்கறி அமுதுக்கு ஆகாது என்று ஒதுக்கச் சொல்லிப் பணிப்பெண்ணிடம் கொடுக்கிறார்கள். வந்தவர் தலைக்கறி கேட்கவும் கூடும் என்று அவள் முன்யோசனையாக அதையும் சமைத்து வைத்திருக்கிறாள். உலகில் எந்த மாங்காவும் அந்தச் சிரிப்புக்கு முன்னால் நிற்காது.

சேக்கிழார் எதையும் மறைக்கவில்லை. கேட்டவர் யார், பிடித்தவர் யார், அரிந்தவர் யார், சமைத்தவர் யார் என்று வினைக்கு வினை எழுவாய் நிற்கிறது. இன்றைக்குக் குழந்தைகளுக்கென்று எழுதும் சுருக்கங்களைப் பாருங்கள். ‘தம் மகனையே அர்ப்பணித்தார்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அரிதல் அர்ப்பணம் ஆகிறது, தாயின் கை காணாமல் போகிறது, பணிப்பெண் இல்லவே இல்லை. இரத்தம் போயிற்று என்று நாம் நிம்மதி அடைகிறோம். கூடவே அந்தக் கதையின் கேள்வி முழுவதும் போய்விட்டது.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். நீற்றறையில் அடைத்து, நஞ்சூட்டி, யானையை ஏவி, கடைசியில் கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறியது உங்கள் திருப்பாதிரிப்புலியூர் அருகே. அந்தக் கதையைச் சொல்லும் எந்தப் பாட்டியும் பல்லவ மன்னனை விட்டுவிட்டுச் சொல்வதில்லை.

எதிர்ப்பக்கச் சான்றையும் வைத்துவிடுகிறேன். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துக் காளிக்குப் படைத்து உண்கின்றன. வன்முறை அங்கே கொண்டாட்டம். அங்கும் செய்தவர் பெயர் ஒளிக்கப்படவில்லை, அது பெருமையாகவே சொல்லப்படுகிறது. இறந்த கலிங்கனுக்குத்தான் பெயர் இல்லை. பரணி வென்றவன் எழுதிய கணக்கு, ‘வெறுங்கால் கென்’ எரிந்தவன் எழுதிய கணக்கு. தமிழ் வாசகருக்கு இரண்டையும் படிக்கத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் உறவுகளை அடையாளம் காட்டிய மக்கள் இருக்கும் மாவட்டத்தில், வாசகருக்கு நெஞ்சுரம் போதாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

4. தழுவலா, மொழிபெயர்ப்பா

புதுமைப்பித்தன் பிறந்ததும் திருப்பாதிரிப்புலியூரில்தான், 1906இல். திருநெல்வேலி அவரைச் சொந்தம் கொண்டாடுவதில் நமக்கு வருத்தமில்லை. பிறந்த வீடு நம்முடையது. 1930களில் தழுவலை எதிர்த்து அவர் கடுமையாகச் சண்டை போட்டார். வெளிநாட்டுக் கதையை எடுத்து, ஊர்ப்பெயரையும் ஆள்பெயரையும் மாற்றி, நம்மூர்ச் சட்டை மாட்டிவிடுவது இலக்கியத் திருட்டு என்பது அவர் கட்சி. அவரே தொடக்கத்தில் மாப்பசானைத் தழுவி எழுதியிருக்கிறார் என்று பின்னால் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் வாதம் பலவீனப்படவில்லை. தொழில் தெரிந்தவர் சொன்னார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மாங்காவில் இந்த விவாதம் பாதி தானாகவே தீர்ந்துவிடுகிறது. பாரிஸை மாயவரம் ஆக்கலாம், ஆனால் வரைந்து வைத்த ஹிரோஷிமாவைக் கடலூர் ஆக்க முடியாது. படம் பிடிவாதமாக அங்கேயே நிற்கும். அதனால் தழுவ நினைப்பவரின் கை முழுக்க வசனத்தின் மேல் விழுகிறது. அங்கேதான் ஆபத்து. பலூனில் இருப்பதை மாற்றினால், படம் ஒன்று சொல்ல வசனம் வேறொன்று சொல்லும். கென்னின் அப்பா மரச்செருப்புக்கு வண்ணம் தீட்டுபவர், போர் வேண்டாம் என்று சொன்னதற்காகச் சிறையில் அடிபட்டவர். அவர் பேசும் நீளமான பலூன்களைப் ‘பிரச்சாரமாக இருக்கிறது’ என்று நறுக்கிவிடுவது சுலபம். நறுக்கினால் மிஞ்சுவது, காரணம் தெரியாமல் அடிபட்ட ஒரு முகம்.

இந்த நூல் வெளியுலகுக்குப் போன விதம் நல்ல பாடம். 1976இல் அமெரிக்காவின் குறுக்கே நடந்த ஓர் அமைதி நடைப்பயணத்தில் கலந்துகொண்ட ஜப்பானிய இளைஞர்கள் அங்குள்ளவர்களுக்கு இதைக் காட்டினார்கள். பார்த்தவர்கள், இதை ஏன் மொழிபெயர்க்கவில்லை என்று கேட்டார்கள். தோக்கியோவில் தன்னார்வலர்கள் கூடி ‘ப்ராஜெக்ட் கென்’ என்ற குழுவை அமைத்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். எஸ்பெராந்தோ மொழியில்கூட வந்திருக்கிறது. இந்தியில் மொழிபெயர்த்தவர் டோமோகோ கிகுச்சி. ஜப்பானியர் ஒருவர் இந்தி கற்று அதை நமக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

எதிர்த்திசையிலும் யோசித்துப் பாருங்கள். பெஞ்சமின் டிக்ஸும் லிண்ட்சே பொல்லக்கும் உருவாக்கிய ‘வன்னி’ என்ற சித்திர நாவல் 2019இல் ஆங்கிலத்தில் வந்தது. ஈழப்போரில் சிக்கிய ஒரு குடும்பத்தின் கதை. அதில் இராணுவத்தின் எறிகணையும் உண்டு, புலிகளின் கட்டாய ஆள்சேர்ப்பும் உண்டு. வேறொரு மொழிப் பதிப்பாளர் பிணங்களை அப்படியே வைத்துக்கொண்டு இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டால் நாம் சும்மா இருப்போமா? நமக்குக் கேட்கும் நியாயத்தைத்தான் ஹிரோஷிமாக்காரருக்கும் கேட்கிறேன்.

5. கண்ணாடி, நிறம், ஓசை

தொழில் நுணுக்கத்துக்கு வருவோம். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், மாணவர்களுக்குப் பயன்படும்.

மாங்கா வலமிருந்து இடமாகப் படிப்பது. 1980களில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்கள், தம் வாசகர் குழம்புவார் என்று பக்கத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டார்கள். அப்போது வாள் வீசும் வலக்கை இடக்கை ஆகிறது. அதைவிடப் பெரிய விபத்து ஆடையில் நடக்கிறது. கிமோனோவை உயிரோடிருப்பவர்கள் இடப்பக்க மடிப்பு மேலே வருமாறு உடுத்துவார்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. பக்கத்தைத் திருப்பினால் கதையில் உயிரோடு நடமாடுகிறவர்கள் எல்லாரும் பாடை ஏறும் கோலத்தில் நிற்பார்கள். 2000க்குப் பிறகு ஆங்கிலப் பதிப்பாளர்களே திருப்புவதைக் கைவிட்டார்கள். வாசகர்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், நான்கு பக்கத்தில் பழகிக்கொண்டார்கள். தமிழில் அச்சிடுகிறவர் திருப்பவே கூடாது என்பது என் கருத்து. அடிக்கிற கையும் தடுக்கிற கையும் வரைந்தவர் வைத்த பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது நிறம். மாங்காவில் இரத்தம் கறுப்பு. மையைத் தெளித்ததுபோல் இருக்கும். அதை வாசகன் மனத்தில்தான் சிவப்பாக்கிக்கொள்கிறான். நகஸாவாவின் ‘நான் பார்த்தேன்’ என்ற சிறு நூலை 1982இல் அமெரிக்காவில் வண்ணமிட்டு வெளியிட்டார்கள். வண்ணம் தீட்டியதும் கண் முதலில் சிவப்புக்குப் போகிறது, முகத்துக்கு அப்புறம்தான் வருகிறது. வன்முறையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் பார்க்கும் வரிசை மாறிவிட்டது. நமக்குக் கறுப்பு வெள்ளை புதிதல்ல. சிவகாசியிலிருந்து 1972இல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸையும், அவர் மகன் விஜயன் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸையும் சாணித்தாளில் படித்து வளர்ந்த தலைமுறை இந்த அரங்கிலேயே இருக்கிறது. இரும்புக்கை மாயாவியும் டெக்ஸ் வில்லரும் அந்தக் கறுப்பு மையில்தான் நமக்குப் பழக்கம். ‘இரத்தப் படலம்’ என்று தலைப்பு வைத்த கதையைக்கூட 2010இல் நாம் கறுப்பு வெள்ளையில்தான் மொத்தமாகப் படித்தோம்.

மூன்றாவது ஓசை. மாங்காவில் ஓசை எழுத்து படத்தோடு சேர்த்து வரையப்பட்டிருக்கும். ஆங்கிலப் பதிப்புகள் இதில் திண்டாடின. தமிழ் திண்டாட வேண்டியதில்லை. இரட்டைக்கிளவிக்குத் தொல்காப்பியத்திலேயே இலக்கணம் வைத்திருக்கிறோம். சடசட, படபட, மளமள, நெறுநெறு என்று தீக்கு மட்டுமே எத்தனை! எல்லாவற்றையும் ‘டமால்’, ‘டுமீல்’ என்று நிரப்பும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். உத்திரம் முறிவது மளமளவென்று இருந்தால் அது வீடு. ‘டமால்’ என்றால் அது வேடிக்கை.

6. சட்டமும் வயதும்

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். இளைஞர்க்குத் தீங்கு தரும் வெளியீடுகள் பற்றி 1956இல் இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. குற்றமும் கொடூரமும் அருவருப்பும் காட்டும் படக்கதைகளை மனத்தில் வைத்து, முந்திய ஆண்டு பிரிட்டன் செய்ததைப் பார்த்துச் செய்தது. அதன்படி இருபது வயது நிரம்பாதவர்கள் எல்லாரும் இளையோர். பதினெட்டில் ஓட்டுப் போடலாம், ஆனால் பத்தொன்பதில் பேய்க்கதை படித்தால் சட்டம் கவலைப்படும்! வயது வரம்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்டையில் வயதைப் போடுங்கள், நூலகத்தில் தனி அலமாரி வையுங்கள். உள்ளே இருப்பதைத் தொடாதீர்கள். அலமாரி வாசகருக்குச் செய்யும் ஏற்பாடு, கத்தரி நூலுக்குச் செய்யும் காரியம். இரண்டையும் குழப்பக்கூடாது.

7. பொழுதுபோக்கு வன்முறை

மாணவர்கள் என்னிடம் கேட்கப்போவது தெரியும்: “ஐயா, ஹிரோஷிமா சரி. ‘டீமன் ஸ்லேயர்’?” அதையும் பேசிவிடுவோம். 2016 முதல் 2020 வரை கொயொஹாரு கொதோகே வரைந்த அந்த மாங்கா வந்ததும், ‘வெறுங்கால் கென்’ தொடங்கிய அதே ‘ஷோனென் ஜம்ப்’ இதழில்தான். அதன் ‘இன்ஃபினிட்டி கேஸில்’ திரைப்படம் 2025 செப்டம்பரில் தமிழ் பேசிக்கொண்டே இங்குள்ள திரையரங்குகளுக்கு வந்தது. தலைகள் உருளும் படம்தான்.

படத்தின் உச்சத்தில் அகாஸா என்ற அரக்கனோடு நடக்கும் சண்டை நின்றுபோய், அவன் மனிதனாக இருந்த காலம் நீளமாக விரிகிறது. நோயாளித் தகப்பனுக்கு மருந்து வாங்கத் திருடியவன். கையில் குற்றவாளிக் குறி பச்சை குத்தப்பட்டவன். மணக்கவிருந்த பெண்ணையும் ஆசானையும் எதிரிப் பயிற்சிக் கூடத்தார் கிணற்றில் நஞ்சு கலந்து கொன்றார்கள். வெறுங்கையால் அறுபத்தேழு பேரை அவன் கொன்றது அதற்குப் பிறகு. ‘சண்டைக்கு நடுவில் இழுவை’ என்று சில இளைஞர்கள் சலித்துக்கொண்டார்கள். அந்த இழுவையை நீக்கிவிட்டுத் தலை உருள்வதை மட்டும் வைத்துக்கொண்டால் படம் வேகமாக ஓடும், அரக்கன் வெறும் அரக்கனாகிவிடுவான். பொழுதுபோக்கிலும் என் அளவுகோல் மாறவில்லை. செய்தவன் யார் என்பதோடு, அவனை அப்படிச் செய்தது யார் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. நல்ல வன்முறை மாங்காவுக்கும் மட்டமானதற்கும் வித்தியாசம் இங்கே இருக்கிறது. மட்டமானதை மொழிபெயர்க்க யாரும் மெனக்கெட வேண்டாம்.

8. கத்தி இல்லாத வெட்டு

முடிக்கும் முன் பாக்கிடம் திரும்புகிறேன். குண்டு விழுந்த பிறகு பாக் தம் தகப்பனாருக்கு மருத்துவம் தேடி அலைகிறார். கொரியர் என்பதால் பார்க்க மறுக்கிறார்கள். அந்த மறுப்பில் கத்தி இல்லை. படத்தை மட்டும் வைத்து வன்முறையைத் தேடும் தணிக்கையாளர் அந்தக் கட்டத்தை நிம்மதியாகத் தாண்டிப்போவார். தெருத் தலைவர் என்று ஒருவர் வருகிறார். கென்னின் அப்பாவைத் துரோகி என்று தூற்றியவர். கென் அவரை இடிபாட்டிலிருந்து விடுவித்த பிறகும் அவன் குடும்பத்துக்கு உதவாமல் ஓடிப்போனவர். போர் முடிந்ததும் தாம் எப்போதுமே அமைதியின் பக்கம் என்று சொல்லித் தேர்தலில் நிற்கிறவர். அவர் கையில் எங்கும் இரத்தக்கறை இல்லை.

இவர்கள் இருவரையும் தமிழில் கொண்டுவருவது எப்படி? இந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு வழியில்லை. எல்லாரையும் ஒரே சொல்லால்தான் முன்னிலைப்படுத்த முடியும். நமக்கு நீ, நீர், நீங்கள், டா, வே, ஐயா எல்லாம் உண்டு. யார் யாரை எப்படிக் கூப்பிட்டால் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கும் என்பதை இந்த மாவட்டத்தின் ஊரும் சேரியும் அறியும். பேரன் வயதுப் பையன் ‘வாடா’ என்று கூப்பிட, தலை நரைத்தவர் ‘சொல்லுங்க சாமி’ என்று நின்ற காட்சிக்குப் படம் தேவைப்பட்டதில்லை. மரியாதைக் குறைவு அசிங்கமாக இருக்கிறது என்று எல்லாருக்கும் ‘நீங்கள்’ போட்டுவிட்டால், இந்த நூலின் மிகப் பழைய வெட்டுக்காயத்தை நாமே தைத்து மறைத்ததாகிவிடும்.

இங்கே ஜப்பானிய மொழி படிக்கும் மாணவர்கள் சிலர் இருப்பதாகச் சொன்னார்கள். தமிழ்த்துறை மாணவரோடு இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து முதல் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு விழும் பக்கத்துக்குப் போக அவசரப்பட வேண்டாம். அதற்கு முன்னால் உள்ள தெருக் காட்சிகளில் தொடங்குங்கள். தெருத் தலைவர் பாக்கை ‘ஏய், டா’ என்றே விளிக்கட்டும். கென்னின் அப்பா அவரை வாசலில் கண்டதும் ‘வாங்க’ என்று சொல்லட்டும். அந்த இரண்டு பலூன்களும் சரியாக அமைந்த பிறகு மூன்றாவதற்குப் போகலாம்.